விளிம்பில் விடுபட்ட வாசகம்: நாணயப் பிழையும் மத வதந்தியும்

2007 பிப்ரவரி 15 அன்று அமெரிக்க அரசு, ஜார்ஜ் வாஷிங்டன் உருவம் பொறித்த ஒரு டாலர் நாணயத்தைப் புழக்கத்துக்கு விட்டது. 'கடவுளை நம்புகிறோம்' என்று பொருள்படும் அந்நாட்டின் அதிகாரபூர்வ வாசகம் அதன் முகப்பிலும் இல்லை, பின்புறத்திலும் இல்லை. அரசு கடவுளை நீக்கிவிட்டது, இந்த நாணயத்தைக் கையால் தொடாதீர்கள் என்று தொடர் மின்னஞ்சல்கள் பரவின. உண்மையில் வாசகம் நாணயத்தின் விளிம்பில் இருந்தது. உருவத்தைப் பெரிதாகப் பொறிக்க இடம் வேண்டும் என்பதற்காக, எழுத்துகளை விளிம்புக்கு மாற்றும்படி 2005ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லியிருந்தது. நாணயத்தைச் சற்றுத் திருப்பிப் பார்த்திருந்தால் விவகாரம் அங்கேயே முடிந்திருக்கும்.

ஆனால் சில வாரங்களில் வதந்திக்குச் 'சான்று' கிடைத்துவிட்டது. விளிம்பில் ஓர் எழுத்தும் இல்லாத வாஷிங்டன் நாணயங்கள் மக்கள் கைக்கு வந்தன. 'கடவுளற்ற டாலர்' என்று அவற்றுக்குப் பெயரும் சூட்டப்பட்டது.

நடந்தது இதுதான். உலோக வில்லையின் இரு முகங்களும் ஓர் இயந்திரத்தில் அச்சாகின்றன. விளிம்பு எழுத்துகளோ அதன் பிறகு வேறோர் இயந்திரத்தில் பொறிக்கப்படுகின்றன. அச்சான நாணயங்கள் பெட்டி பெட்டியாக அங்கே கொண்டு செல்லப்பட்டு, எழுத்துள்ள தகட்டின் மீது அதிவேகமாக உருட்டப்படுகின்றன. எந்த முகம் மேலே இருக்கிறது என்று அந்த இயந்திரம் பார்ப்பதில்லை. அதனால் சில நாணயங்களில் எழுத்து நேராகவும் சிலவற்றில் தலைகீழாகவும் விழும். அது பிழையே அன்று. பிழை வேறிடத்தில் நேர்ந்தது. பிலடெல்பியா நாணயச்சாலையில் ஒரு பகுதி நாணயங்கள் இரண்டாம் இயந்திரத்துக்குப் போகாமலே வெளியேறிவிட்டன. 30 கோடிக்கும் மேற்பட்ட நாணயங்களில் இப்படித் தப்பியவை ஏறத்தாழ 50,000 இருக்கும் என்று அப்போது மதிப்பிடப்பட்டது. தொழிற்கூடத்தில் ஒரு கட்டம் தவறியது, அவ்வளவே.

அந்த நாணயங்களில் விடுபட்டது கடவுள் வாசகம் மட்டுமன்று. அச்சிட்ட ஆண்டு இல்லை, நாணயச்சாலைக் குறி இல்லை. 'பலவற்றிலிருந்து ஒன்று' என்று பொருள்படும் 'எ புளூரிபஸ் யூனம்' என்ற இலத்தீன் தொடரும் இல்லை. அமெரிக்க இலச்சினையில் 1782 முதல் இடம்பெற்றிருக்கும் தொடர் அது. கடவுள் வாசகத்தை விடப் பழையது. ஆயினும் ஒற்றுமையை நீக்கிவிட்டார்கள் என்று எவரும் மின்னஞ்சல் பரப்பவில்லை. ஒரே பிழையில் இரண்டு வாசகங்கள் மறைந்தபோது, எதற்காகக் கூச்சல் எழுந்தது, எதற்காக எழவில்லை என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

கடவுள் வாசகம் நாணயத்தில் ஏறிய கதையும் கவனத்துக்குரியது. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1861 நவம்பரில், பென்சில்வேனியாவைச் சேர்ந்த வாட்கின்சன் என்ற போதகர் நிதியமைச்சர் சால்மன் சேஸுக்குக் கடிதம் எழுதினார். இக்குடியரசு சிதைந்துபோனால், பிற்கால ஆய்வாளர்கள் நம் நாணயங்களைப் பார்த்து நாம் புறச்சமயத்தார் என்று எண்ணிவிடுவார்களே என்பது அவர் கவலை. 1864இல் இரண்டு சென்ட் நாணயத்தில் அவ்வாசகம் முதன்முதலாகப் பொறிக்கப்பட்டது. அந்த ஆண்டில் கென்டக்கியிலும் டெலாவேரிலும் மனிதரை மனிதர் உடைமையாக வைத்திருப்பது சட்டப்படி செல்லுபடியானது. 1865 டிசம்பரில்தான் அது முடிவுக்கு வந்தது. அடிமை விலை பேசிய கைகளிலும் இந்த நாணயம் புழங்கியிருக்கும்.

1907இல் குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட் புதிய பொற்காசுகளில் வாசகத்தை விட்டுவிடச் செய்தார். அவர் நாத்திகர் அல்லர். காசில் கடவுள் பெயரைப் பொறிப்பது கடவுளையே இழிவுபடுத்துவது என்பது அவர் கருத்து. எதிர்ப்பு எழுந்தது, மறு ஆண்டே நாடாளுமன்றம் சட்டம் இயற்றி வாசகத்தை மீட்டது. 1955 ஜூலையில், சோவியத் நாத்திகத்துக்கு மறுமொழியாக, எல்லா நாணயங்களிலும் தாள்களிலும் அது கட்டாயமாக்கப்பட்டது. மறு மாதம் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் கொடூரமாகக் கொல்லப்பட்டான். குற்றம் சாட்டப்பட்ட இருவரையும், வெள்ளையர் மட்டுமே இருந்த நடுவர் குழு செப்டம்பரில் விடுவித்தது.

2007 வதந்தியின் முடிவு என்ன? அவ்வாண்டு டிசம்பரிலேயே, வாசகத்தை நாணயத்தின் முகத்துக்கு மாற்றும்படி சட்டம் வந்தது. 2009 முதல் 'கடவுளை நம்புகிறோம்' முகப்புக்கு ஏறியது. 'பலவற்றிலிருந்து ஒன்று' விளிம்பிலேயே தங்கிவிட்டது.

நம் நாட்டிலும் இதற்கு இணையான நிகழ்வு உண்டு. 'வேற்றுமையில் ஒற்றுமை' என்ற கருத்தைக் காட்ட, ஒன்றையொன்று வெட்டும் கோடுகளும் நான்கு புள்ளிகளும் கொண்ட இரண்டு ரூபாய் நாணயம் 2006இல் வந்தது. இது சிலுவை, கிறித்துவச் சதி என்று இந்துத்துவ அமைப்புகள் பரப்பின. அங்கே ஒற்றுமையின் வாசகம் காணாமற்போனது எவர் கண்ணிலும் படவில்லை. இங்கே ஒற்றுமையின் சின்னமே குற்றச்சாட்டாகத் திரிக்கப்பட்டது. (நம் நாணயங்களில் சிங்கத் தலைகளுக்குக் கீழே தேவநாகரியில் இருக்கும் 'சத்யமேவ ஜயதே' முண்டக உபநிடதத்திலிருந்து எடுக்கப்பட்டது. அது தனியே பேச வேண்டிய செய்தி.)

அரசு எவர் பெயரால் பேச வேண்டும் என்ற கேள்வியை நம் அரசமைப்பு அவை நேரடியாகவே சந்தித்திருக்கிறது. 1949 அக்டோபர் 17 அன்று எச்.வி. காமத், முகவுரையைக் 'கடவுளின் பெயரால்' என்று தொடங்கத் திருத்தம் கொண்டுவந்தார். இது நம்பிக்கையில் கட்டாயப்படுத்துவதாகாதா என்று திருவிதாங்கூரின் தாணுப் பிள்ளை கேட்டார். அனைவருக்கும் நம்பிக்கைச் சுதந்திரம் தரும் முகவுரைக்கே இது முரண் என்றார் குன்ஸ்ரு. ஆதரவாக 41 வாக்குகள், எதிராக 68 வாக்குகள், திருத்தம் தோற்றது. எந்தக் கடவுளின் கோயிலுக்குள் எவர் நுழையலாம் என்பதே தீராத நாட்டில், தோற்றது சிறிய திருத்தமன்று.

மதச்சாயம் இல்லாத நாணய வதந்தியும் உண்டு. அதன் சுமை அன்றாடங்காய்ச்சிகளின் தலையில் விழுகிறது. ரூபாய்க் குறியீடு இல்லாத பத்து ரூபாய் நாணயம் செல்லாது, கோடுகளின் எண்ணிக்கை மாறினால் போலி என்று தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் பேசப்பட்டது. கடைகளில் மறுத்தார்கள், பேருந்துகளிலும் மறுத்தார்கள். அன்றைய வரும்படியே சில்லறையாக இருக்கும் கூடைக்காரப் பெண்ணுக்கு, பையிலுள்ள நாணயம் செல்லாது என்றால் அன்று அடுப்பெரியாது. குறியீடு வந்தது 2011இல். அதற்கு முன் அச்சான நாணயங்களில் அது எப்படி இருக்கும்? பதினான்கு வடிவங்களில் வெளியான பத்து ரூபாய் நாணயங்கள் அனைத்தும் செல்லும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2018 ஜனவரி 17 அன்று அறிவித்தது. ஒரு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நாணயங்களைக் கொண்டு ஆயிரம் ரூபாய் வரை கணக்குத் தீர்க்கலாம் என்கிறது 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டத்தின் ஆறாம் பிரிவு. நாணயத்தை மறுக்கும் கடைக்காரரிடமும் நடத்துநரிடமும் இவ்விரண்டையும் சுட்டிக்காட்டலாம்.