பெஞ்சு நிறைஞ்சிடுச்சு, சுவரை இடிக்கலாமா?

இந்த எபிசோட் கொஞ்சம் வீட்டு விஷயம். சென்னைப் புறநகர்ல இருக்கு எங்க சர்ச். அப்பாதான் அங்க பொருளாளர். போன வருஷம் ஜூன்ல கமிட்டி கூடி, பக்கவாட்டுச் சுவரை இடிச்சு ஹாலைப் பெரிசாக்கணும்னு பேசினாங்க. "நீதான் கம்ப்யூட்டர் பிள்ளையாச்சே, கணக்கு பார்த்துச் சொல்லு தம்பி"ன்னு ஒரு பெரியவர் என் கையில ஒரு நோட்டைத் திணிச்சுட்டார். நான் படிச்சது சிவில், பார்க்கிறது ஐடி. படிச்ச சிவில் இப்படி ஒரு இடத்துல உதவும்னு நான் நினைக்கவே இல்லை.

எங்க வேலையில ஒரு சர்வர் திணறினா உடனே பெரிய சர்வர் வாங்கிட மாட்டோம். எங்க திணறுது, எப்ப திணறுதுன்னு முதல்ல பார்ப்போம். அதனால நான் எட்டு ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சுல உட்கார்ந்து தலையை எண்ணினேன். பிரசங்கம் சரியா கேட்கலைங்கிறதை இங்கேயே ஒத்துக்கிறேன்.

ஹால்ல 240 பேர் உட்காரலாம். காலை 7 மணி ஆராதனைக்கு சராசரியா 85 பேர். 9:30 ஆராதனைக்கு 215. "நிரம்பி வழியுது"ன்னு எல்லாரும் சொல்ற அந்த ஆராதனையில கணக்குப்படி 25 இடம் காலி! அப்புறம் ஏன் ஆளுங்க வெளியே நிற்கிறாங்க? ஆண்கள் பக்கம் 120, பெண்கள் பக்கம் 120 இடம். பெண்கள் பக்கம் 135 பேர் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நெருக்கி உட்கார்ந்திருக்காங்க. ஆண்கள் பக்கம் 80 பேர்தான். ஆனா வேப்ப மரத்தடியில பைக் மேல சாய்ஞ்சு நிற்கிறவங்க எல்லாரும் ஆண்கள். அவங்களுக்கு எவ்வளவு பெரிய ஹால் கட்டினாலும் வேப்ப மரத்தடிதான் வசதி.

சிரிக்க மட்டும் இதைச் சொல்லலை. சபை வளர்ச்சி பத்திப் பேசுறவங்க ஒரு கைக்கணக்கு சொல்வாங்க: இடம் 80 சதவீதம் நிறைஞ்சாலே புதுசா வர்றவங்க கண்ணுக்கு அது முழுசா நிறைஞ்ச மாதிரிதான் தெரியும். நாலு பேர் குடும்பம் ஒண்ணா உட்கார நாலு இடம் சேர்ந்தாப்ல வேணும். முதல் தடவை வர்றவங்க பத்து பேர் காலைத் தாண்டி முன் பெஞ்சுக்குப் போக மாட்டாங்க. எங்க ஹாலுக்கு 80 சதவீதம்னா 192. நாங்க அதைத் தாண்டிட்டோம். ஆக, நெருக்கடி நிஜம். ஆனா அது வாரத்துல ஒன்றரை மணி நேர நெருக்கடி. மிச்ச நேரமெல்லாம் ஹால் பூட்டித்தான் கிடக்கு.

கமிட்டியில சொன்ன எண்ணிக்கை என்ன தெரியுமா? 600. அது டிசம்பர் 31 ராத்திரி கூட்டம். அன்னிக்கு ஊருக்குப் போனவங்க, கல்யாணமாகிப் போனவங்க எல்லாரும் வருவாங்க. அந்த ஒரு ராத்திரிக்கு ஷாமியானா போதும்.

இப்ப சுவருக்கு வருவோம். அது ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், கூரையோட பாரம் அது மேலதான் உட்கார்ந்திருக்கு. அதை எடுத்தா அந்த இடத்துல தூண் வரணும், மேல பீம் வரணும், கீழே புது அஸ்திவாரம் வரணும். தூணுக்குப் பின்னாடி உட்கார்றவங்களுக்கு பிரசங்க மேடை தெரியாது. வேலை முடிய ஆறேழு மாசம் ஆகும், அது வரைக்கும் ஹாலே கிடையாது. மேஸ்திரி சொன்ன மதிப்பீடு 62 லட்சம். கூடுதலா கிடைக்கிறது 80 இடம். ஒரு இடத்துக்கு 77,500 ரூபாய்!

கையில 20 லட்சம். பொருத்தனையா 12 லட்சம் வரும்னு நம்பிக்கை. மிச்சம் 30 லட்சம் கடன். 10 சதவீத வட்டியில பத்து வருஷம்னா மாசம் சுமார் 39,600 ரூபாய் கட்டணும். காணிக்கையில செலவு போக எங்களுக்கு மிஞ்சுறது மாசம் 25 ஆயிரம், நல்ல மாசம்னா 30.

அனுமதி விஷயம் தனிக்கதை. வழிபாட்டு இடத்துக்கு அனுமதி வாங்குறது வீட்டு பிளான் வாங்குற மாதிரி இல்ல, கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போக வேண்டியிருக்கும். அது முடியுறதுக்கு முன்னாடி யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

இந்த இடத்துல ஒரு பழைய கதை. லண்டன்ல ஸ்பர்ஜன் 1854-ல, 19 வயசுல, நியூ பார்க் ஸ்ட்ரீட் சபைக்கு வந்தார். கூட்டம் தாங்கலை. 1855-ல கட்டிடத்தை விரிவாக்கினாங்க. வேலை நடக்கிற வரை எக்ஸெட்டர் ஹாலை வாடகைக்கு எடுத்துக் கூடினாங்க. வேலை முடிஞ்சு திரும்பி வந்தா, பெரிசாக்கின இடமும் உடனே பத்தலை. செலவு பண்ணின பிறகும் அதே நெருக்கடி. அப்புறம் திரும்பவும் வாடகை ஹால்கள்தான். 1856 அக்டோபர்ல சர்ரே கார்டன்ஸ் மியூசிக் ஹால்ல முதல் கூட்டத்துலயே யாரோ "தீ"ன்னு பொய்யா கத்த, நெரிசல்ல 7 பேர் இறந்துட்டாங்க. 1861-லதான் 5,000 பேருக்கு மேல கொள்ளுற மெட்ரோபாலிட்டன் டேபர்னக்கிள் திறந்தாங்க, கடன் இல்லாம. நடுவுல போன ஆறு வருஷமும் அவங்க வாடகை இடத்தை வச்சுத்தான் சமாளிச்சாங்க.

இதைப் படிச்ச அன்னிக்குத்தான் எங்க ஹாலுக்கு எத்தனை வாசல்னு யோசிச்சேன். ஒண்ணு. பக்கத்துல இருக்கிற ரெண்டாவது கதவுக்கு முன்னாடி ஆர்கன் பெட்டி.

இன்னொரு பக்கம், அமெரிக்காவுல கலிபோர்னியா. ராபர்ட் ஷுல்லர் 1955-ல ஒரு டிரைவ்-இன் சினிமா தியேட்டர்ல ஆரம்பிச்சார், ஜனங்க கார்ல உட்கார்ந்தே ஆராதனையில கலந்துக்கிட்டாங்க. 1980-ல பத்தாயிரத்துக்கும் மேல கண்ணாடிப் பலகை வச்ச கிரிஸ்டல் கதீட்ரல் வந்தது. அப்புறமும் மேல மேல கட்டினாங்க, 2003-ல இன்னொரு பெரிய கட்டிடம். 2010-ல திவால் மனு போட்டாங்க. கத்தோலிக்க மறைமாவட்டம் 5.75 கோடி டாலருக்கு வாங்கிடுச்சு. கட்டிடம் இன்னிக்கும் இருக்கு, ஆலயமாத்தான் இருக்கு. கட்டின சபைதான் வெளியே போக வேண்டி வந்தது.

இதையெல்லாம் அப்பாகிட்ட சொன்னேன். சாப்பிட்டுக்கிட்டிருந்தவர் தட்டைத் தள்ளி வச்சுட்டார். "1998-ல நாங்க பத்தொன்பது குடும்பம். நான் ஆபீஸ் முடிஞ்சு வந்து ராத்திரி மணல் சலிச்சேன்டா. உங்கம்மா வளையலை வச்சுத்தான் கூரை போட்டோம். அன்னிக்கு உன்னை மாதிரி ஒருத்தன் எக்செல் வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா இந்த கோவிலே வந்திருக்காது"ன்னார்.

என்கிட்ட பதில் இல்லை. அவர் சொன்னது சரிதான். ஆனா அன்னிக்கு வளையலைக் கொடுத்தவங்களுக்கு இந்த ஊர்லயே சொந்த வீடு இருந்தது, கடைசி வரை இங்கேயேதான் இருக்கப்போறாங்க. பதிவேட்டை எடுத்துப் பார்த்தா, மூணு வருஷத்துல புதுசா சேர்ந்த 61 குடும்பத்துல 38 பேர் வாடகை வீடு. கம்பெனி மாறினா ஏரியா மாறிடுவாங்க. போன வருஷம் மட்டும் 12 குடும்பம் போயாச்சு. கடன் பத்து வருஷம் இருக்கும், கையெழுத்துப் போட்டவங்க இருப்பாங்களா? இருக்கப்போறது யாருன்னு பொருத்தனைச் சீட்டுலயே தெரிஞ்சது. இஸ்திரி போடுற ஒரு அம்மா மாசம் 500 ரூபாய்னு எழுதியிருந்தாங்க, பத்து வருஷத்துக்கு. அந்தச் சீட்டை அப்பாகிட்ட காட்டினேன். ரொம்ப நேரம் கையிலயே வச்சிருந்தார்.

கமிட்டியில நான் சொன்னது இதுதான். 7 மணி ஆராதனைக்கு ஏன் ஆள் வரலை? ஞாயிறு பள்ளி 9:30-க்கு மட்டும்தான் இருக்கு, அதுவும் மாடிப்படிக்கு அடியில 45 பிள்ளைங்க. பிள்ளைங்க வர்ற நேரத்துக்குத்தானே குடும்பம் வரும்? கழிப்பறை ரெண்டே ரெண்டு. சுவரை இடிச்சா இந்த ரெண்டுமே மாறாது. "ரெண்டு ஆராதனையும் ஒரே அளவுக்கு வளர்ந்தா ரெண்டு சபை ஆயிடும் தம்பி, ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது"ன்னு அந்தப் பெரியவர் சொன்னார். அந்த பயம் நியாயமானது. 300 பேரும் ஒரே நேரத்துல கூடுறதுல ஒரு சுகம் இருக்கு, நான் எண்ணின நோட்டுல அது வராது.

கடைசியில ஆறு மாசச் சோதனைக்கு ஒத்துக்கிட்டாங்க. 7 மணி ஆராதனை 8 ஆச்சு, 9:30 ஆராதனை 10:15 ஆச்சு. ரெண்டுக்கும் ஞாயிறு பள்ளி உண்டு. நடுவுல எல்லாருக்கும் டீ, அதுக்கு அந்தப் பெரியவரையே பொறுப்பா போட்டோம். நாலு கழிப்பறை, பின்னாடி ரெண்டு வகுப்பறைக்கு 9 லட்சம் ஒதுக்கியாச்சு, மிச்சம் 11 லட்சம் வைப்பு நிதியில. ஆர்கன் பெட்டியை நகர்த்தியாச்சு. பொருத்தனைச் சீட்டுகளை அப்பாவே வீடு வீடா போய்த் திருப்பிக் கொடுத்தார்.

போன ஞாயிறு 8 மணிக்கு 141 பேர், 10:15-க்கு 168. ரெண்டாவது ஆராதனையிலயும் 192-ஐத் தாண்ட ஆரம்பிச்சா, அப்ப சுவரைப் பத்திப் பேசக் கூடாது, வேற நிலத்தைப் பத்திப் பேசணும்ங்கிறது என் கட்சி. அப்பா இன்னும் சுவர்க் கட்சிதான். இப்ப 8 மணி ஆராதனைக்குப் போறார், எண்ணுற நோட்டும் அவர்கிட்டதான் இருக்கு.