மாருதி 800-க்கு வீட்டு வாசல்ல எஞ்சின் மாத்தினோம்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் குறைத்திருக்கிறோம்.)

போன எபிசோட்ல போற போக்குல "இந்த வீக்கெண்ட் கார் எஞ்சின் மாத்தப் போறோம்"னு சொல்லிட்டுப் போயிட்டேன். அதுக்கப்புறம் வந்த மெசேஜ் எல்லாம் ஒரே கேள்விதான்: நீங்களே மாத்தினீங்களா, இல்ல மெக்கானிக் வந்து காப்பாத்தினாரா? ரெண்டும் நடந்தது. எப்படின்னு சொல்றேன்.

கார் அப்பாவோடது. 1997 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் எஞ்சின், நாலு கியர். 1983 டிசம்பர்ல முதல் கார் டெலிவரி ஆகி, 2014 ஜனவரி வரைக்கும் தயாரிச்ச வண்டி இது. அதனால ஸ்பேர் கிடைக்கிறது கஷ்டமில்ல. எஞ்சின் 796 சிசி, மூணு சிலிண்டர், 40 குதிரைத்திறனைக்கூடத் தொடாது. பானெட்டைத் திறந்தா எல்லாமே கண்ணுக்குத் தெரியும். எங்களை மாதிரி ஆளுங்க கை வைக்கத் துணிஞ்சதுக்கு அதுதான் காரணம். இன்னைக்கு வர்ற கார்ல இதைச் செய்ய நான் தயாரா இல்ல.

முதல்ல, ஏன் மாத்தணும்? வண்டி புகை விட்டுச்சு, மேம்பாலம் ஏறத் திணறுச்சு, ஆயில் குடிச்சுது. இதை வெச்சே "எஞ்சின் போச்சு"ன்னு முடிவு பண்ணக் கூடாது. கம்ப்ரஷன் டெஸ்ட் பண்ணணும். எஞ்சினைச் சூடாக்கி, மூணு ஸ்பார்க் பிளக்கையும் கழட்டி, ஒவ்வொரு ஓட்டைலயும் கேஜை மாட்டி, ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சுக்கிட்டு செல்ஃப் அடிக்கணும். எங்களுக்கு வந்தது 150, 85, 145 பிஎஸ்ஐ. நடு சிலிண்டர் படுத்திருச்சு. அடுத்து அந்த ஓட்டைல ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் ஊத்தி மறுபடி பார்த்தோம். 120-க்கு ஏறுச்சு. ஊத்தின ஆயில் பிஸ்டன் ரிங்கைச் சுத்தி இருக்கிற இடைவெளியைக் கொஞ்ச நேரம் அடைக்கும். அதனால அளவு ஏறினா தேய்மானம் ரிங்லயோ சிலிண்டர் சுவர்லயோ இருக்கு. ஏறலைன்னா வால்வையோ ஹெட் கேஸ்கெட்டையோ சந்தேகப்படலாம்.

ரிங், போர் தேய்மானம்னா வழக்கமான வைத்தியம் ரீபோர். லேத்ல குடுத்து சிலிண்டரைக் கொஞ்சம் பெருசாக் கடைஞ்சு, அதுக்கேத்த பெரிய பிஸ்டன் போடுவாங்க. பெரும்பாலானவங்களுக்கு அதுதான் சரி, இதைத் தெளிவாவே சொல்லிடறேன். எங்க எஞ்சின்ல ஏற்கெனவே ரெண்டு தடவை ரீபோர் பண்ணியாச்சு. "இதுக்கு மேல கடைய சுவர் இல்ல தம்பி, லைனர்தான் இறக்கணும்"னு லேத்ல சொல்லிட்டாங்க. அப்புறம்தான் வேற எஞ்சின் தேட ஆரம்பிச்சோம்.

சென்னைல பழைய எஞ்சின்னா புதுப்பேட்டை. அங்க போறவங்க ஒரு விஷயத்துல ஏமாறக் கூடாது. ஆம்னிலயும் இதே 796 சிசி எஞ்சின்தான், ஆனா அது முன்சீட்டுக்கு அடியில நீளவாக்குல உட்கார்ந்து பின்சக்கரத்தைச் சுத்தும். 800-ல குறுக்குவாக்குல உட்கார்ந்து முன்சக்கரத்தைச் சுத்தும். "ரெண்டும் ஒண்ணுதான்"னு யாராவது சொன்னா நம்பி வாங்கிடாதீங்க, மவுண்டிங்ல இருந்து பிரச்சினை ஆரம்பிக்கும். நாங்க 800-ல இருந்து இறக்கின எஞ்சினாத்தான் தேடி எடுத்தோம். கியர்பாக்ஸோட கீழ வெச்சு, பேட்டரி குடுத்துச் சுத்த விட்டுக் கம்ப்ரஷன் பார்த்தோம். மூணும் 150-ஐ ஒட்டி வந்துச்சு.

அதைவிட முக்கியம் எஞ்சின் நம்பர். பிளாக்ல குத்தியிருக்கிற நம்பர் மேல பேப்பரை வெச்சு பென்சிலால தேய்ச்சு எடுத்துக்கிட்டோம். தேய்ச்சு அழிச்ச தடயமோ மறுபடி குத்தின தடயமோ இருந்தா, இலவசமாக் குடுத்தாலும் வேண்டாம். நம்பர் எழுதின பில், அது எந்த வண்டியோட எஞ்சின்ங்கிறதுக்கான பேப்பர், ரெண்டும் கையில வந்தப்புறம்தான் காசு குடுத்தோம். இதுக்கு மட்டும் மூணு வாரம் ஓடிச்சு. "வீக்கெண்ட்ல எஞ்சின் மாத்தினோம்"னு யார் சொன்னாலும் பின்னாடி இப்படி ஒரு மூணு வாரம் இருக்கும், சொல்ல மாட்டாங்க.

டீம் நாலு பேர். நான். மெக்கானிக்கல் படிச்சிட்டு என்கூடவே கோட் எழுதுற ஒருத்தன். சைட் இன்ஜினியரா இருக்கிற சிவில் நண்பன். ஸ்பேனர் பிடிக்கத் தெரியாத நாலாவது ஆள். இந்த நாலாவது ஆளுக்குத்தான் பெரிய வேலை: எதைக் கழட்டினாலும் கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ, போல்ட்டை ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு மேல மார்க்கர்ல பேர், ஒயர்லயும் ஹோஸ்லயும் டேப் ஒட்டி நம்பர். இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க.

வெள்ளிக்கிழமை ராத்திரி பேட்டரி மைனஸை முதல்ல கழட்டினோம். அப்புறம் ஆயில், கூலன்ட் எல்லாம் வடிச்சு, துருப்பிடிச்ச போல்ட்டுக்கு எல்லாம் துரு இளக்குற ஸ்ப்ரே அடிச்சு ஊற விட்டோம். சனிக்கிழமை காலைல பானெட், ரேடியேட்டர் வெளிய. அதுக்கப்புறம் இணைப்புகள். ஆக்சிலேட்டர் கேபிள், சோக் கேபிள், கிளட்ச் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், பெட்ரோல் ஹோஸ், ஹீட்டர் ஹோஸ், பிரேக் பூஸ்டருக்குப் போற வேக்யூம் ஹோஸ், ஆல்டர்னேட்டர் ஒயர், ஆயில் பிரஷர் ஸ்விட்ச், டெம்பரேச்சர் சென்சார்... எஞ்சின்னு நாம சொல்ற இரும்புக் கட்டி காரோட பேசுறதெல்லாம் இது வழியாத்தான். கவர் எண்ணிக்கை நாற்பதைத் தாண்டுச்சு. சைலன்சர் பைப் போல்ட் மட்டும் அசையவே இல்ல, ஹேக்ஸா பிளேடு போட்டு அறுத்துட்டோம்.

அடுத்து, எதுல தொங்க விட்டுத் தூக்குறது? எங்க வீட்டு போர்ட்டிகோ சீலிங்ல ஊஞ்சல் கொக்கி ஒண்ணு இருக்கு. "பாட்டியே அதுல ஆடியிருக்காங்க, எஞ்சின் தாங்காதா?"ன்னு ஒருத்தன் கேட்டான். சிவில் நண்பன் ஒத்துக்கவே இல்ல. ஊஞ்சலுக்கு ரெண்டு கொக்கி, நாம தொங்க விடப் போறது ஒத்தைக் கொக்கில. உள்ள கம்பியோட எப்படிக் கட்டியிருக்காங்கன்னு யாருக்கும் தெரியாது. செயினை இழுக்க இழுக்க பாரம் அதிர்ந்துக்கிட்டே வேற இருக்கும். அவனே வாடகைக்கு ஒரு இரும்பு முக்காலியும் செயின் பிளாக்கும் கொண்டு வந்தான். அன்னிக்கு எடுத்த முடிவுகள்லயே உருப்படியானது அதுதான்னு எனக்குத் தோணுது.

எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே மேல எடுத்தோம். பாதி ஏறினப்போ ஒரு பக்கம் சாய்ஞ்சு பாடில இடிச்சுது. மெக்கானிக்கல் நண்பன் அனிச்சையா எஞ்சினுக்கும் கிராஸ்மெம்பருக்கும் நடுவுல கையை விட்டு அதைத் தள்ளப் போனான். சிவில் நண்பன் போட்ட சத்தத்துல கையை எடுத்தான். அடுத்த ரெண்டு செகண்ட்ல எஞ்சின் அந்த இடத்துலயே வந்து மோதுச்சு. பெயிண்ட் உரிஞ்ச தடம் இப்பவும் இருக்கு. அஞ்சு நிமிஷம் யாரும் பேசல. அதுக்கப்புறம் ஒரு விதி போட்டோம்: தொங்குற பாரத்தைக் கையால தொடக் கூடாது, கட்டையால மட்டும்தான் தள்ளணும், செயின் இழுக்கிறவன் சொல்லாம யாரும் பக்கத்துல போகக் கூடாது. கார் அடியில படுக்கிறதுக்கும் இதே கண்டிப்புதான். ஜாக்கியை நம்பி யாரும் கீழ போகக் கூடாது, ஸ்டாண்ட் போட்டாத்தான்.

எஞ்சின் வெளிய இருக்கும்போதே டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், பின்பக்க ஆயில் சீல், கிளட்ச் பிளேட், கிளட்ச் பேரிங் எல்லாம் புதுசு போட்டுட்டோம். உள்ள உட்கார்ந்தப்புறம் இதுல ஒண்ணு போனா மறுபடி இத்தனையும் கழட்டணும்.

எங்களை அதிகமாப் படுத்தினது கிளட்ச். கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவுல நசுங்கி நிக்கும், தானா நடுவுக்கு வராது. அது அரை மில்லி தள்ளி நின்னாலும் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் உள்ள நுழையாது. நாங்க கண்ணளவுல வெச்சு போல்ட் இறுக்கிட்டு, ரெண்டு மணி நேரம் கியர்பாக்ஸை ஆட்டிப் பார்த்தோம். வீட்டு போல்ட்டைப் போட்டு இழுத்துடலாம்னு ஒரு யோசனை வந்துச்சு. செய்யாதீங்க, பிளேட் நடுவுல இருக்கிற பல் வளைஞ்சுடும், இல்ல கியர்பாக்ஸ் காது உடையும். கடைசில ஒரு மரக்கட்டையைச் சீவி, ஷாஃப்ட் கனத்துக்கு டேப் சுத்தி, அதைச் செருகிப் பிளேட்டை நடுவுக்குக் கொண்டு வந்து மறுபடி இறுக்கினோம். அப்புறம் கியர்பாக்ஸ் கையாலயே வழுக்கிக்கிட்டு உள்ள போச்சு.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் எஞ்சின் உள்ள இறங்கிடுச்சு. சாயங்காலம் முழுக்க கவர் கவரா பிரிச்சு, போட்டோ பார்த்து மாட்டினோம். ராத்திரி பதினோரு மணிக்குத் தரையில ஒரு கவர்கூட மிச்சமில்ல. கொஞ்சம் பெருமையாவே இருந்துச்சு.

புதுசா இறக்கின எஞ்சினை உடனே ஸ்டார்ட் பண்ணக் கூடாது. இக்னிஷன் காயிலோட நடு ஒயரை எடுத்துட்டு, டேஷ்போர்டுல ஆயில் லைட் அணையுற வரைக்கும் விட்டு விட்டு செல்ஃப் அடிக்கணும். ஆயில் எல்லா இடத்துக்கும் ஏறட்டும்னுதான். நான் சாவியைத் திருப்பினேன். 'டொக்'னு ஒரு சத்தம், எஞ்சின் அரைச் சுத்து மெதுவா நகர்ந்து நின்னுடுச்சு. மறுபடி திருப்பினேன். பிளாஸ்டிக் கருகுற வாசனை. "டேய், ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு!"ன்னு வெளியில கத்தறாங்க. ஆக்சிலேட்டர் கேபிள்ல இருந்து புகை.

ஆக்சிலேட்டர் கேபிள்ல எதுக்குடா கரண்ட்? அது வெறும் கம்பி. பேட்டரியைக் கழட்டிட்டு நாலு பேரும் அதையே பார்த்துக்கிட்டு நின்னோம். கடைசில பக்கத்துத் தெரு மெக்கானிக் அண்ணனுக்குப் போன் போட்டேன். ராத்திரி பதினொன்றரை. "அண்ணா, செல்ஃப் அடிச்சா ஆக்சிலேட்டர் கேபிள்..."னு ஆரம்பிச்சேன். முடிக்க விடல. "எர்த் பட்டை போட்டீங்களா தம்பி?"

போடல. விஷயம் இதுதான். எஞ்சின் ரப்பர் மவுண்ட் மேல உட்கார்ந்திருக்கு, ரப்பர்ல கரண்ட் போகாது. எங்க கார்ல பேட்டரி மைனஸ் பாடிக்குத்தான் வருது. பாடில இருந்து கியர்பாக்ஸுக்கு ஒரு பின்னல் பட்டை, அதுதான் எர்த். ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல இழுக்கும். அத்தனை கரண்ட்டும் அந்தப் பட்டை வழியாத்தான் பேட்டரிக்குத் திரும்பணும். பட்டை இல்லைன்னா? எஞ்சினையும் பாடியையும் தொட்டுக்கிட்டிருக்கிற வேற உலோகம் எது? ஆக்சிலேட்டர் கேபிளும் சோக் கேபிளும்தான். மெல்லிசு கம்பி, அவ்வளவு கரண்ட் போனா ஹீட்டர் காயில் மாதிரி சிவந்துடும். இன்னும் ரெண்டு தடவை சாவியைத் திருப்பியிருந்தா, பக்கத்துலயே பெட்ரோல் நிறைஞ்ச கார்புரேட்டர். அதை நினைச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது.

ஏன் விட்டோம்? நாற்பத்து சொச்சம் கவர், நூத்துக்கும் மேல போட்டோ இருந்துச்சே? போனைத் திரும்பப் பார்த்தோம். பட்டை கியர்பாக்ஸுக்கு அடிப்பக்கம் இருந்திருக்கு. எஞ்சின் ஒரு அடி மேல ஏறினப்புறம்தான் அது இழுத்துப் பிடிக்கிறதைப் பார்த்து, அவசரமா ஒரு போல்ட்டைக் கழட்டி விட்டிருக்கோம். அந்த நேரம் போட்டோ எடுக்கிறவன் போனைப் பாக்கெட்ல போட்டுட்டு, சாயுற எஞ்சினைக் கட்டையால தாங்கிக்கிட்டு நின்னான். போல்ட் யாரோட பேன்ட் பாக்கெட்லயோ இருந்துச்சு. ஆபீஸ்ல புரொடக்ஷன் ராத்திரி நிக்கும்போது லாக்ல வராத அந்த ஒரு மாற்றமும் எப்பவும் இப்படித்தான் நடந்திருக்கும், எல்லாரும் தூக்கிப் பிடிச்சுக்கிட்டிருந்த நேரத்துல.

பட்டையோட ரெண்டு முனையையும் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு இறுக்கினோம். அண்ணனே டிவிஎஸ்-ல ஒரு கேபிள் எடுத்துக்கிட்டு வந்துட்டார். "போன்லயே சொல்லிட்டேன், ஆனா நீங்க என்ன பண்ணி வெச்சிருப்பீங்கன்னு தூக்கம் வரல"ன்னார். செல்ஃப் அடிச்சோம், ஆயில் லைட் அணைஞ்சுது. காயில் ஒயரை மாட்டி மூணாவது முயற்சில ஸ்டார்ட் ஆச்சு. ஹீட்டரைச் சூட்டுக்குத் திருப்பி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து வெச்சு, காத்துக் குமிழி நிக்கிற வரைக்கும் ஐடிலிங்ல விட்டோம். டைமிங்கை அண்ணன் காதால கேட்டே டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி வெச்சார். மணி ஒண்ணரை.

ஒரு விஷயம் பாக்கி, பலரும் கோட்டை விடுறது. எஞ்சின் நம்பர் ஆர்சில இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 படி எஞ்சின் மாத்தினா 14 நாளுக்குள்ள ஆர்டிஓ-ல தெரிவிச்சு ஆர்சில பதியணும். அதே ரக எஞ்சின்ங்கிறதால எங்களுக்குப் பெரிய சிக்கல் வரல, பில்லும் பேப்பரும் இருந்ததால கேள்வியும் குறைவு. அப்புறம் இன்ஷூரன்ஸ்லயும் நம்பரை மாத்தணும். மாத்தலைன்னா ஒரு ஆக்சிடெண்ட் ஆகுற அன்னிக்கு, வண்டியில இருக்கிறது யாரோட எஞ்சின்னு நீங்கதான் விளக்கம் சொல்லிக்கிட்டு நிக்கணும்.

அப்பா திங்கட்கிழமை காலைல தாம்பரம் வரைக்கும் ஓட்டிட்டு வந்தார். எஞ்சினைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. "கிளட்ச் லைட்டா இருக்கே"ன்னார், அவ்வளவுதான். பழைய எஞ்சின் இன்னும் எங்க வீட்டு மாடிப்படிக்குக் கீழதான் கிடக்கு. அதை எப்ப எடுப்பேன்னு அம்மா ரெண்டு தடவை கேட்டுட்டாங்க.