ஓய்வூதிய விதிகள் மாறும்போது: தனியார் ஊழியர் அறிய வேண்டியவை

இந்தியாவில் தனியார் நிறுவன ஊழியர்களுக்குச் சட்டப்படி கிடைக்கும் மாத ஓய்வூதியம், 1995 நவம்பர் 16 முதல் நடைமுறையிலுள்ள ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தின்கீழ் வழங்கப்படுகிறது. ஊழியரிடம் பிடிக்கப்படும் 12 விழுக்காடு முழுவதும் வருங்கால வைப்பு நிதிக்கே செல்ல, நிறுவனம் தன் பங்காகச் செலுத்தும் 12 விழுக்காட்டில் 8.33 விழுக்காடு மட்டும் ஓய்வூதிய நிதிக்குப் பிரிகிறது. மத்திய அரசு 1.16 விழுக்காடு சேர்க்கிறது. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகை எவ்வளவு உயர்ந்தாலும், ஓய்வூதியக் கணக்குக்கு மாதம் 15,000 ரூபாயே உச்சவரம்பு என்பதால், பெரும்பாலோர் கணக்கில் நிறுவனத்தின் ஓய்வூதியப் பங்கு மாதம் 1,250 ரூபாயைத் தாண்டுவதில்லை.

ஓய்வூதியத்தைக் கணக்கிடும் சூத்திரம் எளிதானது. ஓய்வூதியத்துக்குரிய சம்பளத்தை (உச்சவரம்புக்கு உட்பட்ட கடைசி 60 மாதச் சம்பளச் சராசரி) பணிபுரிந்த ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுத்தால் மாதத் தொகை கிடைக்கும். குறைந்தது 10 ஆண்டுப் பணியும் 58 வயதும் நிறைந்தவருக்கு முழு ஓய்வூதியம் உண்டு. 50 வயதுக்கு மேல் முன்கூட்டியே பெற விரும்பினால், 58க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 விழுக்காடு குறையும். ஆக, ஓய்வூதியம் என்பது நிலையாக எழுதிவைக்கப்பட்ட ஒரு தொகை அன்று. உச்சவரம்பு, சம்பளச் சராசரி எடுக்கும் காலம், பணி ஆண்டுகள், வயது ஆகியவற்றின் விளைவே அது என்பதாலும், இவற்றுள் சிலவற்றை அரசு ஓர் அறிவிக்கையால் மாற்றிவிட முடியும் என்பதாலும், ஓய்வுக்காலத் திட்டமிடல் இந்த உறுப்புகளை அறிவதிலிருந்தே தொடங்க வேண்டும்.

இதுவரை வந்த மாற்றங்கள்

ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து மொத்தத் தொகையாகப் பெறும் வசதி 2008இல் நீக்கப்பட்டது. 2014 செப்டம்பர் 1 முதல் உச்சவரம்பு 6,500 ரூபாயிலிருந்து 15,000 ரூபாயாக உயர்ந்தது. அதே நாளில், கடைசி 12 மாதச் சம்பளச் சராசரிக்குப் பதிலாக 60 மாதச் சராசரி என்ற விதியும் வந்ததோடு, அந்நாளுக்குப் பின் 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட சம்பளத்தில் புதிதாகச் சேர்வோர் திட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். ஒரே அறிவிக்கை ஒரு பக்கம் கொடுத்து மறுபக்கம் குறைக்கவும் கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

உயர்த்தப்பட்ட உச்சவரம்பு பழைய பணிக்காலத்துக்குப் பொருந்தவில்லை என்பதையும் பலர் கவனிப்பதில்லை. 2014க்கு முன் 10 ஆண்டும் பின் 15 ஆண்டும் பணிபுரிந்து, சம்பளம் எப்போதும் உச்சவரம்புக்கு மேலேயே இருந்த ஒருவர், 15,000ஐ 25ஆல் பெருக்கி 70ஆல் வகுத்து 5,357 ரூபாய் வரும் என எதிர்பார்ப்பார். உண்மையில் முதல் 10 ஆண்டுக்கு 6,500 ரூபாய் அடிப்படையில் 929 ரூபாயும், பின் 15 ஆண்டுக்கு 3,214 ரூபாயும் சேர்ந்து 4,143 ரூபாயே வரும். 20 ஆண்டு நிறைத்து 58 வயதில் ஓய்வுபெறுவோருக்குச் சேர்க்கப்படும் இரண்டு ஆண்டுச் சலுகை இக்கணக்கில் சேரவில்லை.

எதிர்பார்ப்புகளை எடைபோடுதல்

உச்சவரம்பு 25,000 ரூபாயாக உயரலாம் என்ற பேச்சு நெடுநாளாக உள்ளது. அது நடந்து, நிறுவனத்தின் 12 விழுக்காட்டுப் பங்கும் மாறாமல் இருந்தால், ஓய்வூதிய நிதிக்குச் செல்லும் தொகை மாதம் ஏறத்தாழ 833 ரூபாய் கூடும். முழுச் சம்பளத்துக்கும் பங்கு செலுத்தும் நிறுவனங்களில் அந்த 833 ரூபாய் ஊழியரின் வைப்பு நிதிக் கணக்கிலிருந்தே குறையும். மாத வருவாய் பெருகும் அளவுக்கு ஓய்வின்போது கைக்கு வரும் மொத்தத் தொகை சுருங்கும் என்பதால், வீட்டுக்கடனை அத்தொகையால் அடைக்கத் திட்டமிட்டவர் கணக்கை மீண்டும் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

குறைந்தபட்ச ஓய்வூதியத்தை 7,500 ரூபாயாக்க வேண்டும் என்ற ஓய்வூதியர் அமைப்புகளின் கோரிக்கை நியாயமானதே; ஆயினும் 2014இல் நிர்ணயிக்கப்பட்ட 1,000 ரூபாய் பத்தாண்டு கடந்தும் மாறவில்லை. மேலும், அரசு ஊழியர் ஓய்வூதியத்துக்கு உள்ளதுபோல் இதற்கு அகவிலைப்படி கிடையாது. விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால் 12 ஆண்டுகளில் ஓய்வூதியத்தின் வாங்கும் சக்தி பாதியாகிவிடும். எனவே நடப்பு விதிப்படி வரும் தொகையை மட்டும் வரவில் எழுதி, எதிர்பார்க்கும் உயர்வை உபரியாகக் கொள்வதும், இடைவெளியை வைப்பு நிதி, சொந்தச் சேமிப்பு ஆகியவற்றால் நிரப்புவதுமே பாதுகாப்பான வழி.

உரிமைகளும் தீர்வுகளும்

ஓய்வூதியம் என்பது தருபவர் விருப்பத்தைப் பொறுத்த கொடை அன்று, உரிமையே என 1971இல் தேவகிநந்தன் பிரசாத் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது. எனினும், விதிகளை மாற்றும் அதிகாரம் அரசுக்கு உண்டு என்பதையும் அந்நீதிமன்றம் ஏற்றுள்ளது. 2022 நவம்பர் 4 அன்று வழங்கிய தீர்ப்பில், 2014ஆம் ஆண்டுத் திருத்தங்களைப் பெரும்பாலும் உறுதிசெய்த அது, உச்சவரம்புக்கு மேற்பட்ட சம்பளத்துக்கு ஊழியரே 1.16 விழுக்காடு செலுத்த வேண்டும் என்ற பகுதியை மட்டும் செல்லாதென அறிவித்து, முழுச் சம்பளத்தின் அடிப்படையிலான உயர் ஓய்வூதியத்துக்கு விருப்பம் தெரிவிக்கத் தகுதியுள்ளோருக்கு நான்கு மாத அவகாசம் அளித்தது. இத்தகைய அவகாசங்களைத் தவறவிடுவது பின்னர் ஈடுசெய்ய முடியாத இழப்பாகிவிடும்.

ஊழியரின் கையிலுள்ள மிகப் பெரிய பாதுகாப்பு, அறுபடாத பணிக்காலம். வேலை மாறும்போதெல்லாம் படிவம் 10-சி வழியாக ஓய்வூதியப் பணத்தை எடுத்துவிடுவோருக்குப் பணிக்காலக் கணக்கு மீண்டும் முதலிலிருந்தே தொடங்குவதால், 10 ஆண்டுத் தகுதியே கிட்டாமல் போகலாம். பணத்தை எடுப்பதற்குப் பதிலாகக் கணக்கைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றலாம். உடனே வேறு வேலையில் சேராதவர், அதுவரையிலான பணிக்காலத்தைப் பதிந்து தரும் திட்டச் சான்றிதழைப் பெற்றுக்கொள்ளலாம். பிறந்த தேதி, வேலையில் சேர்ந்த நாள், விலகிய நாள் ஆகியவை யு.ஏ.என். (வைப்பு நிதி உறுப்பினரின் பொதுக் கணக்கு எண்) கணக்கில் சரியாக உள்ளனவா, பாஸ்புக்கில் ஓய்வூதியப் பங்கு மாதந்தோறும் ஏறுகிறதா, வாரிசு நியமனம் பதிவாகியுள்ளதா என ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். பிழை இருந்தால், ஊழியரும் நிறுவனமும் சேர்ந்து அளிக்கும் கூட்டு அறிவிப்பின் மூலம் திருத்தலாம். ஓய்வூதியம் பெறத் தொடங்கியவர், ஆண்டுதோறும் வாழ்நாள் சான்றிதழ் அளிக்கத் தவறக் கூடாது.

நிறுவனம் பிடித்த பணத்தைக் கட்டாவிட்டாலோ, கோரிக்கை தாமதமானாலோ திட்டத்தை நடத்தும் ஊழியர் வருங்கால வைப்பு நிதி அமைப்பின் இணையவழிக் குறைதீர் தளத்தில் புகார் அளிக்கலாம். அங்கும் தீர்வு கிட்டாதவருக்கு நுகர்வோர் ஆணையத்தின் கதவு திறந்தே உள்ளது. வைப்பு நிதி உறுப்பினரும் நுகர்வோரே என்பது உச்சநீதிமன்றம் ஏற்ற நிலைப்பாடு.

இனி எந்த மாற்றம் அறிவிக்கப்பட்டாலும், அது எந்த நாள் முதல் பொருந்தும், கடந்த பணிக்காலத்தையும் தழுவுமா, கூடுதல் செலவு யார் கணக்கிலிருந்து போகிறது என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை கண்ட பிறகே தன் திட்டத்தை மாற்றுவது ஊழியருக்கு நன்மை தரும்.