சீகன்பால்க் தமிழ் கற்ற முறை

பர்த்தலோமேயு சீகன்பால்க் (1682–1719) என்பவர் 1706 ஆம் ஆண்டு தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய லூத்தரன் சமயப் பரப்புநர் ஆவார். கப்பலிலிருந்து இறங்கியபோது தமிழில் ஓரெழுத்தும் அறியாதிருந்த இவர், ஏறத்தாழ எட்டு மாதங்களில் தமிழைப் படிக்கவும் எழுதவும் பேசவும் கற்றுக்கொண்டதாகத் தம் கடிதங்களில் தெரிவித்துள்ளார். ஒரு மொழி வழங்கும் ஊரிலேயே வாழ்ந்து கற்பதும், ஒழுங்கான தன்முயற்சிப் படிப்பும் எவ்வாறு ஒன்றுக்கொன்று துணையாகின்றன என்பதற்கு இவர் தமிழ் கற்ற முறை நல்ல எடுத்துக்காட்டாகும். தம் நாள்முறையை இவரே எழுதி வைத்திருப்பதால் அதனை விரிவாக அறிய முடிகிறது.

பின்னணி

சீகன்பால்க் சாக்சனியில் உள்ள புல்ஸ்னிட்ஸ் என்னும் ஊரில் பிறந்தவர். ஹாலே நகரில் இறையியல் பயின்றார். டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக்கின் ஆணைப்படி, ஹைன்ரிக் புளூட்சௌ என்பவருடன் 1705 நவம்பரில் கோபன்ஹேகனிலிருந்து புறப்பட்டு, 1706 சூலை 9 அன்று தரங்கம்பாடியை அடைந்தார். தஞ்சை இரகுநாத நாயக்கருடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி 1620 முதல் இவ்வூர் டேனியர் வசம் இருந்து வந்தது.

அக்காலத் தரங்கம்பாடி ஒருமொழி ஊர் அன்று. கோட்டைக்குள் டேனிய மொழியும் ஜெர்மனும் வழங்கின. கடற்கரைப் பட்டினங்களில் ஐரோப்பியருக்கும் உள்ளூராருக்கும் இடையே பொதுமொழியாக இருந்தது போர்த்துக்கேயம். ஊர் மக்களின் மொழி தமிழ். எனவே ஓர் ஐரோப்பியர் போர்த்துக்கேயத்தை மட்டும் கொண்டு, தமிழ் அறியாமலேயே அங்குப் பல ஆண்டுகள் வாழ்ந்துவிட முடிந்தது. ஊரில் இருப்பதனால் மட்டும் ஊர் மொழி வந்துவிடாது என்பதை இந்நிலை காட்டுகிறது.

இருவரும் முதலில் போர்த்துக்கேயம் கற்றனர். பின்னர் போர்த்துக்கேயம் பேசுவோரிடையே பணியாற்றும் பொறுப்பைப் புளூட்சௌவும், தமிழரிடையே பணியாற்றும் பொறுப்பைச் சீகன்பால்க்கும் ஏற்றனர்.

மணலில் எழுத்து

தமிழ் கற்க உதவும் அச்சிட்ட இலக்கண நூல் எதுவும் அவர்களிடம் இல்லை. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய ஹென்றிக்கே ஹென்றிக்கசு 1549 அளவில் எழுதிய தமிழ் இலக்கணம் கையெழுத்துப் படியாகவே இருந்தது. ஆகவே அவர்கள் முதிய பள்ளி ஆசிரியர் ஒருவரை அழைத்து, அவருடைய பள்ளியைத் தம் வீட்டிலேயே நடத்தும்படி வேண்டினர். சிறுவர்களுடன் தரையில் அமர்ந்து, அவர்களைப் போலவே மணலில் விரலால் எழுதி எழுத்துகளைக் கற்றனர்.

இம்முறையில் எழுத்தும் ஒலிப்பும் பிடிபட்டன, பொருள் பிடிபடவில்லை. ஆசிரியருக்கு ஐரோப்பிய மொழி எதுவும் தெரியாதது இதற்குக் காரணம். இக்குறையை நீக்கியவர் அழகப்பன் என்னும் மொழிபெயர்ப்பாளர். போர்த்துக்கேயம் உள்ளிட்ட ஐரோப்பிய மொழிகள் சிலவற்றை அறிந்திருந்த இவர், சொற்களுக்கும் தொடர்களுக்கும் அம்மொழிகள் வழியாக விளக்கம் அளித்தார். அதன் பின்னரே சீகன்பால்க்கின் கல்வி விரைவடைந்தது.

நாள்முறை

சீகன்பால்க் தமது படிப்பை நேரம் வகுத்து நடத்தினார். அவருடைய கடிதத்திலிருந்து அறியப்படும் நாள்முறை பின்வருமாறு:

- காலை 7 முதல் 8 வரை: முன்னர்க் கற்று எழுதி வைத்த சொற்களையும் தொடர்களையும் மீண்டும் சொல்லிப் பார்த்தல்.
- காலை 8 முதல் 12 வரை: இதுவரை படித்திராத தமிழ் நூல்களைப் படித்தல். முதிய புலவர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் உடன் இருப்பர். செய்யுளைப் புலவர் பேச்சுத் தமிழில் விளக்குவார். புதிய சொற்களை எழுத்தர் குறித்து வைப்பார்.
- உணவு வேளை: ஒருவர் நூலை வாசிக்கக் கேட்டல்.
- மாலை 3 முதல் 5 வரை: மீண்டும் நூல் வாசிப்பு.
- இரவு 7 முதல் 8 வரை: கண்களுக்கு ஓய்வளிக்கும் பொருட்டு, பிறர் வாசிக்கக் கேட்டல்.

தாம் பேச்சிலும் எழுத்திலும் பின்பற்றத் தக்க நடையுடைய ஆசிரியர்களையே அவர் தெரிந்தெடுத்தார். அத்தகையோர் நூல்களில் அறியாத சொல்லோ தொடரோ எஞ்சாதபடி, சிலவற்றை நூறு முறை வரை படித்ததாகவும் கூறியுள்ளார்.

பயன்கள்

எழுத்தர்களை உள்நாட்டு ஊர்களுக்கு அனுப்பி ஓலைச்சுவடிகளை விலைக்கு வாங்கிய சீகன்பால்க், 1708 இல் தம்மிடமிருந்த தமிழ் நூல்களுக்கு விளக்கப் பட்டியல் ஒன்றை எழுதினார். நூற்றுக்கு மேற்பட்ட நூல்களைக் குறிப்பிடும் இப்பட்டியல், அன்று அப்பகுதியில் படிக்கப்பட்ட நூல்களை அறியச் சான்றாக உள்ளது. அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். நாள்தோறும் திரட்டிய சொற்கள் வளர்ந்து பெரும் அகராதித் தொகுப்புகள் ஆயின.

புதிய ஏற்பாட்டின் தமிழாக்கத்தை 1708 இல் தொடங்கி 1711 இல் முடித்தார். இடையே, டேனிய ஆளுநருடன் ஏற்பட்ட பிணக்கால் நான்கு மாதங்கள் சிறையிலிருந்தார். இத்தமிழாக்கம் 1714–1715 இல் தரங்கம்பாடியில் அச்சிடப்பட்டது. 1714 இல் ஐரோப்பாவுக்குப் பயணமானபோது மலையப்பன் என்னும் தமிழ் இளைஞரை உடன் அழைத்துச் சென்றார். இதனால் கடற்பயணத்திலும் தமிழ்ப் பழக்கம் விடுபடவில்லை. இலத்தீனில் இவர் எழுதிய தமிழ் இலக்கண நூல் 1716 இல் ஹாலேயில் வெளிவந்தது.

குறைகள்

சுற்றியுள்ளோரிடம் கற்கும் மொழி, அச்சுற்றத்தின் எல்லைகளையும் உடன் கொண்டு வருகிறது. சீகன்பால்க்கின் இலக்கணம் பெரும்பாலும் கடற்கரைப் பகுதியின் வழக்குத் தமிழைச் சார்ந்தது. பின்னர் வந்த வீரமாமுனிவர் என்னும் பெஸ்கி பாதிரியார், தரங்கம்பாடியாரின் சமய நூல்களில் காணப்பட்ட தமிழ் நடையைக் கடுமையாகக் குறை கூறினார். அவர் கொடுந்தமிழுக்கும் செந்தமிழுக்கும் தனித்தனி இலக்கணங்கள் இயற்றினார். அவற்றுள் கொடுந்தமிழ் இலக்கணம், அவர் குறை கூறிய லூத்தரன் அச்சகத்திலேயே 1738 இல் அச்சிடப்பட்டது. பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் வேறுபடும் தமிழ் போன்ற மொழியில், ஒன்றில் பெறும் தேர்ச்சி மற்றதில் தேர்ச்சியாகாது என்பது இதனால் விளங்கும்.

ஒப்பீடு

இன்றைய ஸ்பெயின் நாட்டின் நவார் பகுதியில் பிறந்த பிரான்சிஸ் சேவியர், 1540களில் முத்துக்குளித்துறையில் தமிழரிடையே பணியாற்றினார். இவர் தமிழில் பெயர்க்கப்பட்ட மன்றாட்டுகளை மனப்பாடம் செய்து சொல்லிவந்தார். உரையாடலுக்கு மொழிபெயர்ப்பாளரை நம்பியிருந்தார். அதே கரையில் தொடர்ந்து தங்கி முறையாகப் படித்த ஹென்றிக்கசு தமிழில் தேர்ந்து, 1578 இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்னும் நூலை அச்சிட்டார். இருவர் வாழ்ந்த சூழலும் ஏறத்தாழ ஒன்றே. தங்கிய காலமும் படித்த முறையும் வேறு.

கற்கும் மொழியிலேயே மூழ்கியிருக்கும் இம்முறை இன்று மொழி அமிழ்வு எனப்படுகிறது. 1965 இல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஆங்கிலம் பேசும் சிறார்க்குப் பிரெஞ்சு வழியில் வகுப்புகள் தொடங்கப்பட்டபின், இது பள்ளிக் கல்வியிலும் பரவியது. கற்றதை மறக்கும் அளவைச் சோதனை வழியே ஆராய்ந்த ஹெர்மன் எப்பிங்ஹவுஸ் தம் நூலை வெளியிட்டது 1885 இல் ஆகும். அதற்கு நூற்றெழுபது ஆண்டுகளுக்கும் முன்பே, பழைய சொற்களை மீட்டுப் பார்ப்பதற்கென்று தனியே ஒரு மணி நேரத்தைச் சீகன்பால்க் ஒதுக்கியிருந்தார். இன்று ஸ்பானியம் போன்ற மொழிகளைத் தாமே கற்போர் கையாளும் சொற்குறிப்பேடு, தொடர் வாசிப்பு, கேட்டல் பயிற்சி ஆகிய மூன்றும் அவருடைய நாள்முறையில் இடம்பெற்றுள்ளன.

ஆயினும் இதனைத் தனியொருவரின் சாதனையாக மட்டும் கொள்வது பொருந்தாது. எழுத்தறிவித்த பள்ளி ஆசிரியர், பொருள் விளக்கிய அழகப்பன், செய்யுளை விரித்துரைத்த புலவர், சொற்களைப் பதிந்த எழுத்தர், வாசித்துக் காட்டியோர் ஆகிய பலருடைய உழைப்பின் மீது இக்கல்வி நின்றது. தன்முயற்சிப் படிப்பு என்று கூறப்படுவதிலும், சொல்லித் தருவோரின் பங்கு பெரிதாகும்.