மலைப்பாதையில் குளோரின்: மேட்டை நோக்கி ஓடுங்கள்!

அருவங்காடு என்றதும் கார்டைட் தொழிற்சாலைதான் நினைவுக்கு வரும். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வெடிமருந்தோடு வாழப் பழகிய ஊர் அது. ஆலை வளாகத்துக்குள் கடைப்பிடிக்கப்படும் எச்சரிக்கை, மலைப்பாதையில் ஏறும் லாரிக்கும் தேவை என்பதே என் வாதம். குறிப்பாக, குடிநீரைச் சுத்திகரிக்கும் குளோரினை ஏற்றிவரும் லாரிக்கு.

குளோரின் காற்றைவிட ஏறத்தாழ 2.5 மடங்கு கனமானது. கசிந்தால் மேலெழும்பிக் கலையாது. தண்ணீரைப்போலப் பள்ளம் தேடும். உருளைக்குள் அழுத்தத்தால் திரவமாக்கப்பட்டிருக்கும் அது, லிட்டருக்குச் சுமார் 450 லிட்டர் வாயுவாக விரியும். மேட்டுப்பாளையம் – குன்னூர் சாலையின் கொண்டை ஊசி வளைவொன்றில் லாரி கவிழ்ந்தால், வாயு ஓடைவழியே கீழுள்ள குடியிருப்புகளுக்கு இறங்கும். பதற்றத்தில் மனிதர்கள் ஓடுவதும் இறக்கத்தை நோக்கித்தான்! காற்றுக்குக் குறுக்காக விலகி, மேட்டில் ஏறவேண்டும் என்று அவர்களுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

மலைக்குளிர் இன்னொரு சிக்கல். வெப்பநிலை குறைந்தால் உருளையின் அழுத்தம் தணிந்து வாயு மெதுவாகவே வரும். அவசரத்தில் உருளைக்கு அருகே தீ மூட்டுவது தற்கொலைக்குச் சமம். பாதுகாப்புக்காகப் பொருத்தப்பட்ட உருகு அடைப்பான் சுமார் 70 டிகிரி செல்சியஸில் உருகி, வாயுவைத் திறந்துவிடும்.

கசிவின்மீது தண்ணீர் பீய்ச்சுவதும் தவறு. ஈரத்தோடு சேர்ந்த குளோரின் அமிலமாகி உலோகத்தை அரிக்கும், ஓட்டை பெரிதாகும். பயிற்சி பெற்றவர்கள் சுவாசக் கருவியணிந்து நெருங்கி, கசியும் இடம் மேற்புறம் வரும்படி உருளையைத் திருப்புவார்கள். அப்போது திரவத்துக்குப் பதில் வாயு மட்டுமே வெளியேறும். சேதம் பன்மடங்கு குறையும். அமோனியா நனைத்த துணியைக் காட்டினால் வெண்புகை எழுந்து கசிவிடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

2022-இல் ஜோர்தானின் அகாபா துறைமுகத்தில் பளுதூக்கியிலிருந்து விழுந்த ஒரே கொள்கலன் 13 உயிர்களைப் பறித்தது. 2010-இல் மும்பை சிவ்ரியில் நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதோ, துறைமுகக் கிடங்கில் கேட்பாரற்றுக் கிடந்த பழைய உருளைகளால். ‘காலி’ உருளையிலும் வாயு மிஞ்சியிருக்கும். ஆகவே, இறக்கத்தில் திரும்பும் லாரியும் ஏறும் லாரியைப்போலவே நடத்தப்படவேண்டும்.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, இத்தகைய ஓட்டுநர்களுக்குச் சிறப்புப் பயிற்சியையும் வாகனத்தில் அபாயத் தகவல் பலகையையும் கட்டாயமாக்குகின்றன. குளோரினுக்கான 1017 என்ற எண்ணைத் தீயணைப்பு வீரர் அறிவார். தேயிலை பறிக்கும் பெண் எப்படி அறிவார்? சிறிய குடிநீர்த் திட்டங்களுக்குப் பிளீச்சிங் பவுடரோ ஹைப்போகுளோரைட் கரைசலோ போதும். உருளை வந்தே தீரவேண்டிய இடங்களுக்குப் பனிமூட்டமில்லாத பகல்பொழுதில் மட்டும் அது வரட்டும். பலகையில் தமிழில் ஒரு வரியும் சேரட்டும்: கசிந்தால் மேட்டுக்குச் செல்லுங்கள்.