பெட்டியடியில் ஒரு பழைய நோட்டு

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நம்மவர் இல்லங்கள் சிலவற்றில் பாட்டனார் காலத்துத் தகரப் பெட்டி இன்னும் இருக்கிறது. நிலப் பத்திரங்களுக்கும் ஜாதகக் கட்டுகளுக்கும் இடையே மன்னர் தலை பொறித்த ரூபாய் நோட்டு ஒன்று அகப்படுவதும் உண்டு. செல்லாக் காசென்று எறியுமுன் அதன் வரலாற்றைச் சற்றே கேளுங்கள்.

1861-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நோட்டு வெளியிடும் உரிமை வங்காள, பம்பாய், சென்னை வங்கிகளிடமிருந்து அரசாங்கத்தின் கைக்கு மாறியது. நாடு வட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒரு வட்டத்து நோட்டு அவ்வட்டத்துக்குள் மட்டுமே சட்டப்படி செல்லும். தாராவியில் தோல் வணிகம் செய்த ஒருவர் பம்பாய் வட்டத்து நோட்டுடன் திருநெல்வேலிச் சீமைக்குச் சென்றால், அதை வாங்கிக்கொள்ளும் கடமை அங்கே எவருக்கும் இல்லை! தபாலில் பணம் அனுப்புவோர் நோட்டை இரண்டாக வெட்டி, ஒரு பாதி சேர்ந்த செய்தி வந்தபின் மறுபாதியை அனுப்பினர். ஒட்டுப்போட்ட பழைய நோட்டுகளைக் காணும்போது நமக்கு அக்கவலைதான் நினைவுக்கு வருகிறது. 1880-இல் வந்த மணியார்டர் எத்தகைய ஆறுதல் என்பதைக் கூறவும் வேண்டுமோ? பத்து, ஐம்பது ரூபாய் நோட்டுகள் 1910-இலும், நூறு ரூபாய் நோட்டு 1911-இலும் நாடெங்கும் செல்லலாயின.

முதல் உலகப் போரில் வெள்ளி அருகியதால், 1917 நவம்பர் 30-ஆம் நாள் ஐந்தாம் ஜார்ஜின் உருவம் தாங்கிய ஒரு ரூபாய் நோட்டு வெளிவந்தது. அதன் பின்புறத்து எட்டு மொழிகளுள் தமிழும் ஒன்று. அடுத்து வந்த இரண்டரை ரூபாய் நோட்டு சில ஆண்டுகளே வாழ்ந்தது. ஆதலின் இன்று அதற்கு மதிப்பு மிகுதி.

1918 ஜூலையில், லண்டனிலிருந்து பம்பாய்க்கு நோட்டுக் கட்டுகளுடன் வந்த 'ஷிராலா' கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி தகர்த்தது. கரையொதுங்கிய நோட்டுகளுள் பெரும்பாலானவை அழிக்கப்பட்டன. தப்பிய பத்து ரூபாய் நோட்டுகள் இரண்டு 2024-இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தன. இங்கே இறங்க வேண்டியவை அங்கே விலை கூறப்பட்டன!

இத்தகைய செய்திகளைக் காட்டி ஏய்ப்போரும் உளர். பழைய நோட்டுக்கு இலட்சம் தருவதாகக் கூறி, முன்கூட்டியே 'கமிஷன்' கேட்பார்கள். தன் பெயரால் அவ்வாறு பணம் பெற எவருக்கும் உரிமை தரவில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. ஒரு பைசாவும் அனுப்பாதீர்கள்.

நோட்டைக் கழுவுதல், இஸ்திரி போடுதல், பசை நாடா ஒட்டுதல், லாமினேட் செய்தல் ஆகியவை வேண்டா. மடிப்பை நீக்கி, ஈரமற்ற இடத்தில் உறையிட்டு வையுங்கள். நம் மழைக்காலம் காகிதத்துக்குப் பகை.

கோட்டைப் பகுதியில், பெரோஸ்ஷா மேத்தா சாலையில் ரிசர்வ் வங்கியின் நாணயக் காட்சியகம் உள்ளது. 2004 நவம்பர் 18-ஆம் நாள் அதைத் திறந்துவைத்தவர் நம் அப்துல் கலாம் அவர்கள். வேலை நாட்களை விசாரித்துக்கொண்டு பிள்ளைகளுடன் செல்லுங்கள்.