அரத்தை எடுக்குமுன்

துவக்கைப் பற்றி இலக்கியப் பக்கத்திலே எழுதப் புகுந்ததைக் கண்டு வாசக அன்பர்கள் வியப்படையலாம். எங்கள் மண்ணில் அச்சொல்லைக் கேட்டு மகிழ்ந்தவர் எவருமிலர். நானும் அதன் ஓசைக்கு அஞ்சி ஒதுங்கி வாழ்ந்தவனே. முப்பத்தைந்து ஆண்டுகள் கணிதம் கற்பித்த என் கை, வெண்கட்டிக்கும் சிவப்பு மைப் பேனாவுக்கும் மட்டுமே பழகியது. ஆயினும், அமெரிக்காவில் முதியவர் ஒருவர் தமது சுழல்துப்பாக்கியின் குறியைத் திருத்திய முறையை ஒருமுறை அருகிருந்து பார்க்க நேர்ந்தது. அன்று கண்ட ஒரு கணக்கு இன்றும் என் நெஞ்சை விட்டகலவில்லை.

அரிசோனா மாநிலத்தில் வாழும் என் மருமகன் வீட்டில் அப்பொழுது தங்கியிருந்தேன். அயல்வீட்டுக்காரர் எண்பது வயதை அணுகியவர். இயந்திரத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். "மாமா, இவர் இலக்குப் பார்த்துச் சுடும் இடத்துக்குப் போகிறார்; நீங்களும் ஒருமுறை போய்ப் பாருங்களேன்" என்றான் மருமகன். நான் தயங்கித் தயங்கியே புறப்பட்டேன்.

முதியவர் வைத்திருந்தது, 1873 ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவம் ஏற்றுக்கொண்ட கோல்ற் சுழல்துப்பாக்கியின் அமைப்பை உடையது. காலஞ்சென்ற தமையனார் விட்டுச்சென்ற பொருள் என்று சொல்லி, அதைத் துணியிலிருந்து மெதுவாக எடுத்தார். அதன் குழல் நுனியில் மெல்லிய இரும்புத் தகடு ஒன்று நிற்கும், அதுவே முன்குறி. சட்டத்தின் மேற்பட்டையில் நெடுகிலும் ஒரு பள்ளம் வெட்டப்பட்டிருக்கும், அதுவே பின்குறி. அங்குமிங்கும் நகர்த்துவதற்குத் திருகாணி எதுவுமில்லை. குதிரைமேற் செல்லும் வீரனுக்காக ஆக்கப்பட்ட கருவியல்லவா? உறையிலே உரசினாலும் தரையிலே விழுந்தாலும் குறி இடம்பெயராதிருத்தல் வேண்டும். இலக்குப் போட்டிகளில் ஈடுபட்டோருக்கோ இது போதவில்லை. இங்கிலாந்தின் பிஸ்லிக் களத்தின் பெயரைத் தாங்கி 1894 இல் வெளிவந்த கோல்ற் வகையிலே, குறிகளைத் திருத்தத்தக்க அமைப்பும் செய்யப்பட்டது. முதியவரின் துப்பாக்கியில் அவ்வசதி இல்லை. அதைத் திருத்துவதானால் அரத்தாலேதான் திருத்தவேண்டும்.

75 அடி தூரத்தில் இலக்குத் தாள் நின்றது. ஆறு அறைகளில் ஐந்தை மட்டும் அவர் நிரப்பினார். சுத்தியலின் கீழ் வரும் அறை வெறுமையாக இருத்தல் வேண்டும் என்பது இவ்வகைத் துப்பாக்கியைக் கையாள்வோரின் பழைய பாதுகாப்பு விதி. ஐந்து முறை வெடித்தபின் தாளை எடுத்துவந்து எனக்குக் காட்டினார். ஐந்து துளைகளும் ஒரு தேநீர்க் கோப்பையால் மூடிவிடக்கூடிய அளவுக்கு நெருங்கியிருந்தன. ஆனால், குறிவைத்த நடுப்புள்ளிக்கு ஐந்து அங்குலம் கீழாகவும், சற்று இடப்புறமாகவும் விழுந்திருந்தன.

"பிழை தெரிந்துவிட்டதே! இனி அரத்தை எடுக்கலாம் அல்லவா?" என்றேன் நான்.

அவர் சிரித்தார். "அரம் கடைசியில், ஆசிரியரே. யாருடைய பிழை என்று இன்னும் தெரியவில்லை" என்றார்.

பக்கத்தில் நின்று சுட்ட இளைஞன் ஒருவனுடைய தாளை அவர் கண்ணாற் சுட்டினார். அதில் துளைகள் மேலும் கீழும் இடமும் வலமுமாகச் சிதறிக்கிடந்தன. சிதறிய துளைகளைக் கொண்டு எந்தக் குறியையும் திருத்த முடியாதாம். முதலில் கை பழகவேண்டும். துளைகள் ஓரிடத்திற் கூடி, அவ்விடம் நடுவிலிருந்து விலகியிருந்தாலே திருத்தத்துக்கு இடமுண்டு. சிதறல் வேறு, விலகல் வேறு என்பதை இவ்வளவு தெளிவாக எந்தப் பாடநூலும் எனக்குக் காட்டியதில்லை.

அடுத்து, மணல்மூட்டை மேற் கையை ஊன்றிச் சுட்டார். பின்னர் நண்பர் ஒருவரையும் சுடச் சொன்னார். இரு தாள்களிலும் இடப்புற விலகல் மறைந்துவிட்டது! வலக்கையாற் சுடுபவர் விசையைச் சீராக இழுக்காமல் வெடுக்கென இழுத்தால், துளைகள் இடப்புறமாகவும் கீழாகவும் விழுவது வழக்கமாம். "அது தமையனுடைய துப்பாக்கியின் பிழையன்று, என் கிழ விரலின் பிழை" என்றார். முதற்றாளை நம்பி அவர் வேலையைத் தொடங்கியிருந்தால் யாது நேர்ந்திருக்கும்? சட்டத்திலே திருகிப் பூட்டப்பட்ட குழலை, முன்குறி சற்று இடம் சாயும்படி முறுக்கவேண்டி வந்திருக்கும். முன்குறியைப் பிழை விழுந்த பக்கத்துக்கே நகர்த்தவேண்டும் என்பது விதி. தமது விரல் நடுக்கத்துக்காக நேரான குழலைக் கோணலாக்கியிருப்பார்.

மூன்றாவதாக ரவையை மாற்றினார். முதலிற் சுட்டவை 200 கிறெயின் நிறையுள்ள சன்னங்கள். இப்பொழுது, அவ்வகைத் துப்பாக்கிக்கு ஆதியில் அமைந்த நிறையை ஒட்டிய 255 கிறெயின் சன்னங்களை இட்டார். பாரமான சன்னம் தாழவே விழும் என எண்ணினேன். அதுவோ இரண்டு அங்குலம் உயரச் சென்று விழுந்தது. காரணம் கேட்டபோது என் பௌதிக அறிவு நாணிற்று. மருந்து வெடித்தவுடனேயே பின்னுதைப்பினால் குழலின் நுனி மேலெழத் தொடங்குகிறது. சன்னம் குழலைக் கடக்கும் காலம் ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஓரிரு பங்கே. எனினும், பாரமான சன்னம் மெதுவாகச் செல்வதால் சற்று அதிக நேரம் குழலுள்ளே தங்கி, நுனி மேலும் உயர்ந்தபின் வெளியேறுகிறது. இவ்வெழுச்சியை எதிர்பார்த்தே முன்குறியை உயரமாக வைத்துள்ளனர். குறிபார்க்கும் வேளையிற் குழல் உண்மையில் இலக்குக்குச் சற்றுக் கீழே நோக்கி நிற்கிறது!

இவ்வளவும் செய்தபின் எஞ்சியது மூன்று அங்குலத் தாழ்வு. அதுவே துப்பாக்கிக்கு உரிய பிழை. இனிக் கணக்கு என்னுடையது. முதியவர் காகிதத்தையும் பென்சிலையும் என்னிடம் நீட்டினார். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே அளந்த தூரம் 6 அங்குலம். இலக்குக்கு 75 அடி, அதாவது 900 அங்குலம். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் செய்யும் இயல்பொத்த முக்கோணிக் கணக்கேதான். 900 ஐ 6 ஆற் பிரிக்க 150. தாளில் 3 அங்குலம் என்றால், குறியில் அதன் 150 இல் ஒரு பங்கு. ஓர் அங்குலத்தின் நூறில் இரண்டு. ஏறத்தாழ அரை மில்லிமீற்றர்!

துளை உயரவேண்டுமானால் முன்குறி குறையவேண்டும். தகடு குட்டையானால், அதன் தலையைப் பின்பள்ளத்தோடு ஒருமட்டமாகக் காண்பதற்குச் சுடுபவர் குழலை நிமிர்த்தியே ஆகவேண்டும். அதனாற் சன்னம் உயரச் செல்லும். கணக்கு முடிந்ததும் அவர் அரத்தை எடுத்தார். ஆயினும் நான் சொன்ன அளவின் பாதியையே அராவினார். மறுபடி சுட்டார், பார்த்தார், மறுபடி சில இழுப்புகள். "உம்முடைய கணக்கில் ஐயமில்லை. ஆனால், எடுத்த இரும்பு திரும்பாது. கூடுதலாக அராவிவிட்டால் உலோகம் வைத்து ஒட்டவேண்டும், அதன்பின் இது என் தமையனுடைய துப்பாக்கியாக இராது" என்றார். மாலையில் ஐந்து துளைகள் நடுப்புள்ளியைச் சூழ்ந்து நின்றன. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வீடு வரும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை.

நாடு திரும்பிச் சில மாதங்களின்பின், பழைய பெட்டியொன்றை ஒழுங்குபடுத்தினேன். பாடக்குறிப்பு எழுதிய கடதாசி ஒன்று கிடைத்தது. திருப்பிப் பார்த்தால், அது முன்னொருகால் மாணவன் ஒருவன் எழுதிய அட்சரகணித விடைத்தாள். இருபது வினாக்களில் ஆறு சரி, பதினான்கு பிழை. 'கவனயீனம்' என்று சிவப்பு மையில் நானே எழுதியிருந்தேன். அப்பையனின் தகப்பனார் படலையடியில் நின்று, "மாஸ்ரர், பெடியனுக்குக் கணக்கு வருமோ?" என்று கேட்டதும், "வேறு பாடம் படிக்க விடுங்கோ" என்று நான் சொன்னதும் நினைவுக்கு வந்தன. அவன் கணிதப் பிரிவை விட்டுவிட்டான்.

அன்று இரவு அந்தப் பதினான்கு விடைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கழித்தற் குறிக்குப் பின் அடைப்பு வந்த இடமெல்லாம் முதல் உறுப்பின் குறியை மட்டும் மாற்றி, இரண்டாவதை அப்படியே விட்டிருந்தான். ஒன்பதிலிருந்து, அடைப்புக்குள் நின்ற ஐந்து சய இரண்டைக் கழிக்கச் சொன்னால், ஆறு என்னாமல் இரண்டு என்று எழுதியிருந்தான். பதினான்கிலும் அதே பிழை. அதனைத் தவிர வேறு பிழை இல்லை. அத்தகைய அடைப்பு வராத ஆறு கணக்குகளும் முற்றும் சரி. துளைகள் சிதறவில்லை, ஓரிடத்திலே நெருங்கி விழுந்திருந்தன. ஐந்து நிமிடம் அவனை அருகிருத்திச் சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய விலகல் அது. நானோ தாளைப் படிக்காமல் பிழைகளை எண்ணினேன். எண்ணியவுடன் அரத்தை எடுத்துவிட்டேன்.

ஆசிரிய நண்பர்களே, அடுத்த தவணை விடைத்தாட் கட்டு உங்கள் மேசைக்கு வரும். பிழைகள் எத்தனை என்று கூட்டுமுன், அவை எங்கெங்கே விழுந்திருக்கின்றன என்று ஒருமுறை பாருங்கள். அந்தப் பையனின் பெயர் தாளின் மூலையில் இன்னமும் தெளிவாக இருக்கிறது. அவன் இருக்குமிடத்தை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.